மகாவலியின் வழியே: இலங்கையின் பழநகரங்களும் மலையூர்களும்

அறுவடை முடிந்து, களம் காலியாகி, அடுத்த விதைப்புக்கு நாள் இருக்கும்போது யாத்திரை புறப்படுவது நம் குடியானவர்களுக்குப் பழைய வழக்கம். ஆனால் கோயிலையும் மலைக்காட்சியையும் கண்டு திரும்பியவரிடம், அவ்வூர் ஏரிக்கு ஜலம் எங்கிருந்து வருகிறது, சரிவிலுள்ள மண் எவ்வாறு காக்கப்படுகிறது என்று வினவினால், பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. பழம்பெரும் நகரங்களையும் குளிர்ந்த மலையூர்களையும் ஒரே பிரயாணத்தில் காண விரும்பும் விவசாயிக்கு, நம் கரைக்கு அண்மையிலுள்ள இலங்கைத் தீவு மிகப் பொருத்தமான இடம். அங்கே போகிறவர்கள் சாதாரணமாக அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் சரித்திரத்துக்காகவும், நுவரெலியாவைக் குளிருக்காகவும், கண்டியை இரண்டுக்குமாகவும் தனித்தனியே பார்த்துவிட்டு வருகின்றனர். உழவர் கண்ணுக்கு இவை தனித்தனி ஊர்கள் அல்ல. ஒரே ஆற்றின் தலையும் இடையும் கடையுமாக இவை அமைந்திருக்கின்றன.

அவ்வாறு மகாவலி கங்கை. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய இது மத்திய மலைநாட்டில் தோன்றி, சுமார் 208 மைல் ஓடித் திருகோணமலைக்கருகே கடலிற் கலக்கிறது. நுவரெலியா நகரத்து ஏரியின் மிகுதி நீர் நானு ஓயா என்னும் சிற்றாற்றில் விழுகிறது. நானு ஓயா கொத்மலை ஓயாவிற் சேர்கிறது. அது மகாவலியோடு கலந்து கண்டியைச் சுற்றிக்கொண்டு வருகிறது. கண்டிக்குச் சற்று வடக்கே பொல்கொல்ல என்னுமிடத்தில் 1976-ஆம் வருஷம் ஓர் அணை கட்டி, ஆற்றின் ஒரு பகுதியை ஐந்து மைல் நீளமுள்ள மலைச்சுரங்க வாய்க்காலின் மூலம் வடதிசைக்குத் திருப்பியிருக்கிறார்கள். அந்நீர் உக்குவளை மின்சார நிலையத்தில் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு அம்பன் கங்கையை அடைகிறது. போவத்தென்ன அணையில் அது மீண்டும் பிரிகிறது. ஒரு பங்கு கலாவெவ என்னும் பேரேரிக்கும், அங்கிருந்து பழைய கால்வாய் வழியே அநுராதபுரத்துக்கும் செல்கிறது. மற்றொரு பங்கு அம்பன் கங்கையிலேயே இறங்கி, அங்கமெடில்ல அணைக்கட்டின் வழியாகப் பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தை நிரப்புகிறது. ஆகவே நுவரெலியாவில் உருளைக்கிழங்குப் பாத்தியிற் பெய்த மழை, அநுராதபுரத்து நெல்வயலிற் பாய்வதென்பது கற்பனையன்று. நீர் மட்டுமா போகிறது? அதனோடு கரைந்த மண்ணும், மண்ணில் இட்ட உரமும் போகின்றன.

ஆதலால் இப்பிரயாணத்தை ஆற்றை எதிர்த்து, கடையிலிருந்து தலைக்குச் செய்வதே நலம் என்பது எமது கருத்து. குளத்தில் வண்டலைக் கண்டபின் அது புறப்பட்ட சரிவைக் காண்பது பயனுள்ளது. குளிரூரை முதலிற் பார்த்து மயங்கியவனுக்கு வண்டல் கண்ணிற் படுவதில்லை.

அநுராதபுரம் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் தலைநகராயிருந்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் நட்டதாகச் சொல்லப்படும் வெள்ளரசு இன்றும் தழைத்திருக்கிறது. நட்ட காலம் சரித்திரத்திற் குறிக்கப்பட்டுள்ள மரங்களுள் உலகிலேயே இதுதான் மிகப் பழையது என்பர். மேடை கட்டி, கிளைகளுக்குப் பொன்முலாம் பூசிய முட்டுக்கள் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் காவலாளர் பேணிவரும் முறையைத் தோப்பு வைத்திருப்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். ருவன்வெலிசாய, ஜேதவனம் முதலிய செங்கல் தாதுகோபுரங்கள் மலைகள்போல் நிற்கின்றன. ஜேதவனம் கட்டப்பட்ட காலத்தில் 400 அடிக்குக் குறையாத உயரமுடையதாயிருந்தது. இவ்வளவு செங்கல்லை அறுத்தும் சுமந்தும் அடுக்கியும் உழைத்த ஜனங்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறவன், கோபுரத்தைவிட்டுக் குளக்கரைக்கு நடக்க வேண்டும்.

இப்பிரதேசம் உலர்வலயம் எனப்படும். வருஷ மழை சுமார் 50 அங்குலம். நம் தஞ்சை, இராமநாதபுரம் ஜில்லாக்களைப் போலவே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வானம் வறண்டிருக்கும். எனவே பெய்த மழையைத் தேக்கினாலன்றிப் பிழைப்பில்லை. நகருக்குள்ளேயே பசவக்குளம், திஸ்ஸவெவ, நுவரவெவ என மூன்று பெருங்குளங்கள் உண்டு. நகருக்குத் தெற்கே, 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் என்னும் அரசன் கட்டிய கலாவெவ இருக்கிறது. அதிலிருந்து திஸ்ஸவெவைக்கு நீர் கொண்டுவரும் ஜயகங்கை என்னும் கால்வாய் 54 மைல் நீளமுடையது. முதல் 17 மைலில் அதன் வாட்டம் மைலுக்கு 6 அங்குலமேயாம். மட்டம் பார்க்கும் கருவி ஏதும் நமக்குத் தெரிந்த வகையில் இல்லாத காலத்தில் இவ்வாட்டத்தை அவர்கள் எங்ஙனம் பிடித்தார்கள் என்பதை எண்ணி இக்காலத்து இஞ்சினீயர்களும் வியக்கின்றனர். இதற்குக் கரை ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கம் மேட்டு நிலத்துக்குத் திறந்திருக்கிறது. ஆதலால் வழிநெடுகப் பெய்யும் மழையையும் வாங்கிக்கொண்டு, ஓடுகிற ஏரிபோல இக்கால்வாய் நடக்கிறது. பாழடைந்து கிடந்த கலாவெவையை 1887-இல் ஆங்கில சர்க்கார் செப்பனிட்டது.

குளக்கரைகளில் மற்றொன்றும் பார்க்கத்தக்கது. கரையின் உட்புறத்தில் சதுரக் கிணறுபோலக் கல்லாற் கட்டிய 'பிசொகொட்டுவ' என்னும் மதகறை அது. ஆழமான ஏரியில் மதகைத் திறந்தால் நீரின் வேகம் கரையையே அறுத்துவிடும். அவ்வேகத்தை அடக்கி, வேண்டிய அளவே வெளிவிடுவதற்காக இவ்வறை அமைந்தது என்று ஹென்றி பார்க்கர் என்னும் நீர்ப்பாசன இஞ்சினீயர் விளக்கினார். நம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் குமிழித் தூம்பைப் பழக்கமாக அறிந்தவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

பெருங்குளங்கள் அரசர் புகழைச் சொல்லும். விவசாயிக்குப் பாடம் இருப்பது சிறு குளங்களில்தான். அநுராதபுரத்திலிருந்து எத்திசையிற் சென்றாலும், ஒரு சிறு பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்கள் தொடராக அமைந்திருப்பதைக் காணலாம். மேற்குளத்து வயலில் பாய்ந்து வடிந்த நீர் கீழ்க்குளத்திற் சேரும். அதன் வடிநீர் அதற்கும் கீழே போகும். இவ்வாறு ஒரே நீர் பலமுறை பயிர் விளைவிக்கிறது. நம் நாட்டிலும் சங்கிலித் தொடர் ஏரிகள் உண்டு. இலங்கையில் சிறப்பு யாதெனில், குளத்தோடு சேர்ந்த சுற்றுப்புறத்தையும் குளத்தின் உறுப்பாகவே கருதிப் பெயரிட்டு வைத்திருந்தார்கள். நீர் வரும் தலைப்பக்கத்தில் மருது, இலுப்பை முதலிய மரங்கள் அடர்ந்த ஒரு கட்டு. அதன் பெயர் கஸ்கொம்மான. அதற்கு மேலே புல்தரை. அதன் பெயர் பெரஹன, அதாவது வடிகட்டி. புல்லிலே மண் தங்கிவிடும். தெளிந்த நீர் மட்டும் குளத்தில் இறங்கும். மரக்கட்டு காற்றைத் தடுத்துக் குளத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். புல்லில் தங்காமல் வரும் வண்டலைப் பிடிக்கத் தலைப்பில் கொடவள என்னும் குழிகளும், பக்கச் சரிவுகளிலிருந்து மண் விழாதபடி தாழ்ந்த வரப்புகளும் உண்டு. கரைக்குக் கீழே, குளத்துக்கும் வயலுக்கும் இடையில், கட்டகடுவ என்ற ஒரு புதர்க்காடு விடப்பட்டிருக்கும். கசிநீரிலுள்ள உப்பை அது உறிஞ்சி வயலைக் காக்கும். அப்புதரிலேயே பாய்க்கு நாரும் மருந்துக்கு மூலிகையும் கிடைத்தன. இத்தொடர்க்குள முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2017-இல் உலக விவசாயப் பாரம்பரியங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நீர் குறைந்த வருஷத்தில் அவர்கள் கடைப்பிடித்த 'பெத்ம' என்ற வழக்கம் அதிசயமானது. குளம் பாதிதான் நிரம்பியதென்றால், மதகுக்கு அருகிலுள்ள நிலத்தை மட்டும் அவ்வருஷம் பயிரிடுவது. அந்நிலம் யாருடையதாயினும், ஊரில் வயலுடைய எல்லாருக்கும் அவரவர் பங்குக்கேற்பத் தற்காலிகமாக அதைப் பிரித்துக் கொடுப்பது. தலைமடைக்காரன் விளைத்துக்கொள்ளக் கடைமடைக்காரன் பட்டினி கிடப்பதென்பது இதில் இல்லை. இன்றும் சில குளங்களில் இவ்வழக்கம் நடைபெறுகிறது. நம் கிராமங்களிற் கோடைக் காலத்து மடைச் சண்டைகளைப் பஞ்சாயத்துச் செய்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

பொலன்னறுவையை ஒரு நாளில் பார்த்துவிடலாம். சோழர்கள் 11-ஆம் நூற்றாண்டில் இதனைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். அவர்கள் கட்டிய வானவன்மாதேவி ஈச்வரம் என்னும் சிறு கற்கோயில், தஞ்சைப் பக்கத்திலிருந்து பெயர்த்து வைத்ததுபோல் இன்றும் முழுமையாக நிற்கிறது. 1070-இல் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். பின்னர் 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரமபாகு, 8 மைலுக்கு மேல் நீண்ட கரையுடைய பராக்கிரம சமுத்திரத்தை ஆக்கினான். மழைநீரைப் பற்றி அவ்வரசன் சொன்னதாக வழங்கும் மொழி எல்லாப் புத்தகங்களிலும் இருப்பதால் இங்கு எழுதவில்லை. மாலையில் அக்கரைமீது நடந்து பார்த்தால் போதும்.

இனி மலைநாட்டுக்கு ஏற வேண்டும். உலர்வலயத்திலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பாதை நமக்கு வேறொரு வகையில் உறவுடையது. காப்பித் தோட்டங்களின் காலத்தில் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளோடு புறப்பட்ட நம் ஜனங்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. பாழடைந்த பெருங்குளங்களின் நாட்டின் ஊடேதான் அவர்கள் நடந்தார்கள். பெரும்பாலோர் தம் ஊர் ஏரி வறண்டதனால் புறப்பட்டவர்கள். 1914-இல் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அக்கப்பல் வழியும் நின்றுபோயிற்று.

கண்டி 1815 வரை தனி இராச்சியமாயிருந்தது. அதன் கடைசி நான்கு அரசர்கள் நாயக்கர் வமிசத்தினர். கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் அங்கேயே காலமானான். தலதா மாளிகைக்கு முன்னுள்ள அழகிய ஏரியை 1807-இல் வெட்டுவித்தவன் இவனே. அவ்விடம் முன்னர் நெல்வயல். அநுராதபுரத்து அரசர்கள் வயலுக்காகக் குளம் வெட்டினார்கள். இவன் குளத்துக்காக வயலை எடுத்துக்கொண்டான். ஆயினும் ஏரிக்கரையில் நின்று மாளிகையின் நிழலைப் பார்க்கும்போது அவனை முழுதும் வெறுக்க மனம் வருவதில்லை.

கண்டியைச் சூழ்ந்த வீட்டுத் தோட்டங்களை நம் விவசாயிகள் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலிற் பார்ப்பவர்க்கு அது வெறுங்காடாகவே தோன்றும். உயரத்தில் பலா, தென்னை, கமுகு, கித்துல் என்னும் கூந்தற்பனை. அவற்றின் கீழ் கிராம்பு, சாதிக்காய். மரங்களிற் படரும் மிளகுக்கொடி. அதற்கும் கீழே வாழை, காப்பி, இஞ்சி, சேம்பு. ஒரே நிலத்தில் நான்கைந்து அடுக்காக விளைச்சல். மழை நேரே மண்ணில் விழுவதில்லை. இலைக்கு இலை தட்டித் தணிந்து இறங்குகிறது. மண்மீது எப்போதும் சருகுப் போர்வை. செங்குத்தான சரிவிலும் இத்தோட்டங்களின் மண் அவ்வளவாகக் கரைவதில்லை. உலர்வலயத்தில் குளத்தின் தலையில் வைத்த மரக்கட்டும் புல்தரையும் செய்த வேலையை, மலையில் இவை செய்கின்றன.

நகருக்கு நான்கு மைல் தொலைவில் பேராதனைப் பூங்கா, மகாவலி வளைந்து மூன்று பக்கமும் சூழ, 147 ஏக்கரில் இருக்கிறது. 1821-இல் தொடங்கிய இப்பூங்காவில் அரச பனை வரிசையையும் பூக்களையும் மட்டும் பார்ப்பது போதாது. அஸ்ஸாம் தேயிலை 1839-இலேயே இங்கு வந்துவிட்டது. ஆனால் அப்போது அதை யாரும் மதிக்கவில்லை. எல்லார் கண்ணும் காப்பியின் மேல் இருந்தது.

காப்பியின் கதை மலைநாடு முழுவதற்கும் திறவுகோல். 1820-களில் கண்டி, கம்பளைப் பக்கங்களில் தொடங்கிய காப்பித் தோட்டங்கள் மலைக்காடுகளைத் தின்றுகொண்டே மேலேறி, 1870-களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவின. மரமில்லாமல், இடைவெளியில்லாமல், மலைக்கு மலை ஒரே செடி. 1869-இல் மடுல்சீமைப் பக்கத்தில் காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. அதுவே இலைத்துரு நோய். முதல் சில ஆண்டுகள் தோட்டக்காரர் அதைப் பொருட்படுத்தவில்லை. காப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால், விளைச்சல் குறைந்தும் பணம் குறையவில்லை. 1880-இல் வரவழைக்கப்பட்ட மார்ஷல் வார்டு என்னும் அறிஞர், இது காற்றிற் பறக்கும் பூஞ்சண வித்தினாற் பரவுவது என்றும், தடையின்றி ஒரே பயிரை விரித்து நட்டதே நோய்க்கு வழிவிட்டது என்றும் காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1890-க்குள் காப்பித் தொழில் ஏறக்குறைய மறைந்தது. சிலர் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். எல்லாரும் தாவியதால் அதன் விலையும் விழுந்தது. கடைசியில் நின்றது, ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இல் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை. துருநோய் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னரே அவர் நட்டுவைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

கண்டியிலிருந்து நானு ஓயாவுக்கு ஏறும் ரயில்பாதையின் இருபுறமும் காண்பது அத்தேயிலையே. தோட்டங்களைப் பார்க்கும்போது செடியை மட்டும் பாராமல், வரிசைகளுக்கிடையே சமமட்டமாக வெட்டியுள்ள வடிகால்களையும், அவற்றிலுள்ள மண்பிடி குழிகளையும், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக், கல்யாண முருங்கை மரங்களையும் பார்க்க. செடிகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் நல்ல தோட்டத்தில் மண் நிற்கும். செடி செத்து இடைவெளி விழுந்த பழந்தோட்டத்தில் வேர்கள் வெளியே தெரியும். 4,000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச்சு வரையும், கிழக்கே ஊவாச் சரிவில் ஜூலை முதல் செப்டம்பர் வரையும் வீசும் வறண்ட காற்றிலே மணம் மிகும்.

கொழுந்து பறிக்கும் கைகள் இன்னும் பெரும்பாலும் நம்மவர் வழித்தோன்றல்களின் கைகளே. 1948-ஆம் வருஷச் சட்டத்தினால் அவர்களிற் பெரும்பாலோர் பிரஜா உரிமை இழந்தனர். 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மக்களைப் பண்டம்போல் எண்ணிப் பங்கிட்ட அக்கணக்கின் பயனாக வந்தவர்களுக்காகவே நம் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் 1968-இல் தொடங்கப்பட்டன. அங்கேயே எஞ்சியவர்களுக்கு 2003-ஆம் வருஷச் சட்டம் பிரஜா உரிமையை வழங்கியது. ஆனால் வரிசை வீடுகளும், சொந்த நிலமின்மையும் இன்னும் பலருக்குத் தீரவில்லை. தோட்டத்தைப் பார்க்கச் செல்பவர்கள் கொழுந்துக் கூடையோடு படம் பிடித்துக்கொள்வதைக் காட்டிலும், வரிசை வீட்டின் பின்னுள்ள கையகல நிலத்தில் அவர்கள் விளைக்கும் காய்கறியைப் பற்றிப் பேசுவது மேல். ஊர்ப்பெயரைச் சொன்னால், தம் பாட்டனார் ஊர் இன்னதென்று அவர்களே தொடங்குவார்கள்.

நுவரெலியா 6,100 அடிக்கு மேலுள்ள ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு. தீவிலேயே உயர்ந்த பிதுருதலாகல மலை அதன் தலைமேல் நிற்கிறது. ஜனவரி, பிப்ரவரி விடியற்காலையில் சில நாள் உறைபனியும் விழும். சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1840-களின் இறுதியில் சீமைக் காய்கறி விதைகளையும் மாடுகளையும் கொண்டுவந்து இங்குப் பண்ணை வைத்தார். 1873-இல் கவர்னர் கிரகரி ஏரியை அமைத்தார். அண்மையிலுள்ள ஹக்கலைப் பூங்கா 1861-இல் சிங்கோனா நாற்றுக்காக ஏற்பட்டது. இன்று அதன் ரோஜாக்களுக்காக ஜனங்கள் போகிறார்கள். ஏப்ரல் மாதத்தில் மலர்க்காட்சியும் குதிரைப் பந்தயமும் கூட்டமும் நெருக்கும். விவசாயி அம்மாதத்தைத் தவிர்ப்பதே நலம்.

இவ்வூரின் உண்மையான காட்சி காய்கறி வயல்கள். காரட்டு, லீக்ஸ், முட்டைக்கோசு, பீட்டு, உருளைக்கிழங்கு ஆகியவை பள்ளத்தாக்கின் அடியிலிருந்து சரிவின் விளிம்புவரை பயிராகின்றன. பாத்திகளின் நேர்த்தியும் உழைப்பின் கடுமையும் பாராட்டத்தக்கவை. வருஷத்துக்கு இரண்டு மூன்று போகம் எடுக்கிறார்கள். ஆனால் நன்கு பொடியாக்கிய மண், சரிவு, கனமழை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நடப்பது யாவரும் அறிந்ததே. பல பாத்திகள் மலையின் குறுக்கே அமையாமல் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. மழைக்குப் பின் ஓடைகள் செம்மண் நிறமாகின்றன. அளவுக்கு மிஞ்சி இடும் உரத்தின் ஒரு பகுதி ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது. அண்டையிலுள்ள வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு நிலங்களின் மண் உமா ஓயாவில் இறங்கி ரந்தம்பே அணையை மேடாக்கியது. பொல்கொல்ல அணைத் தேக்கமும் திறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே வண்டலாற் பெரிதும் தூர்ந்தது. நம் நீலகிரியின் மண் குந்தா அணையிற் படிந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. விவசாயியை மட்டும் குறை சொல்லுவதும் நியாயமன்று. அரை ஏக்கர் வைத்திருப்பவனுக்குக் குறுக்கு வரப்பும் புல்வரிசையும் பாத்தியிற் சில அடியைத் தின்றுவிடும். அவ்விழப்பு அவனுடையது, காத்த மண்ணின் பயனோ நூறு மைலுக்கப்பால் கலாவெவைக்காரனுடையது. இவ்விருவரையும் ஒரே ஊராராக்கும் 'பெத்ம' ஒன்று மலைக்கும் சமவெளிக்கும் இடையில் இன்னும் ஏற்படவில்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. தாவர நூல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்ததன்பேரில், 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டைத் தோட்டத்துக்கு விற்கலாகாதென்று 1873-இல் தடை ஏற்பட்டது. நுவரெலியாவுக்கு மேலே இன்று எஞ்சியிருக்கும் முகிற்காடுகள் அத்தடையின் பேறு. 1947 ஆகஸ்டில் மகாவலி பெருகிக் கம்பளையை மூழ்கடித்த பின்னர், 1951-இல் மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். மகாவலியின் தலையூற்றுக்களுள் ஒன்றான ஹோர்ட்டன் சமவெளியில் 1960-களில் விதை உருளைக்கிழங்குப் பண்ணை வைத்து, பிறகு கைவிட்டார்கள். 1988-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. உரத்தைப் பற்றிய ஒரு சட்டமோ எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை முன்னேற்பாடின்றி ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் பெரும்போக நெல் பெரிதும் குன்றிவிட்டது. 2021-இல் சுமார் 30 கோடி கிலோவாயிருந்த தேயிலை 2022-இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. மிகுதியாக உண்டவனை ஒரே நாளிற் பட்டினி போட்டாற் குணமாவானா?

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இத்தீவின்மேல் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகள்மீது விழுந்தன. நாடெங்கும் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மலை ரயில்பாதை பல இடங்களிற் சிதைந்தது. அவ்வளவு மழைக்கு எந்த மலையும் முழுதும் ஈடுகொடாது என்பது மெய். ஆயினும் சரிவை நேராக வெட்டிய இடங்களிலும், வடிகால் அடைபட்ட இடங்களிலும் ஆபத்து மிகும் என்பது மண்ணியல் அறிந்தோர் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. அவ்வூர்களுக்கு இப்போது செல்கிறவர்கள், ரயில் எப்பகுதியில் ஓடுகிறது, எச்சாலை திறந்திருக்கிறது என்பதைப் புறப்படுமுன் கேட்டறிய வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் மழை நாட்களில் பார்த்துக்கொள்க.

பிரயாணத்துக்கு ஜனவரி இறுதி முதல் மார்ச்சு முடிய உள்ள காலம் ஏற்றது. அப்போது உலர்வலயத்துக் குளங்கள் நிரம்பியிருக்கும். பெரும்போக நெல் கதிரிலோ அறுவடையிலோ இருக்கும். மேற்கு மலைச் சரிவிலும் மழை குறைவு. எட்டு அல்லது பத்து நாள் வேண்டும். நம் பேச்சில் ஏரி என்பதை அங்கே குளம் என்பர். விவசாயியைக் கமக்காரர் என்பர். மழைக்காலப் பயிர் பெரும்போகம், மற்றது சிறுபோகம். ஊர்தோறும் உள்ள கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் குளங்களைப் பற்றிய விவரம் சொல்வார்கள். புத்த ஸ்தலங்களில் பாதரட்சையையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். விக்கிரகத்துக்கு முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்ளுதல் அங்கே பெருங்குற்றமாகக் கருதப்படும். மலைக்குக் கம்பளிச் சட்டை அவசியம். ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியலிலேயே புறப்பட்டாற்றான் மூடுபனிக்கு முன் காட்சி தெரியும்.

திரும்பும்போது விதை, வெட்டுக்கொம்பு, கிழங்கு, மண் ஒட்டிய நாற்று இவற்றில் எதையும் மூட்டையில் வைத்துக்கொண்டு வரலாகாது. நல்ல மிளகுக்கொடியைக் கண்டால் ஒரு கணு கிள்ளிவர ஆசை எழுவது இயல்பே. ஆயினும் தேயிலையின் கொப்புள நோய் 1946-இல் அத்தீவுக்குட் புகுந்து சில ஆண்டுகளில் தோட்டமெங்கும் பரவியதை நினைவிற்கொள்க. தாவரங்களைக் கொண்டுவர 2003-ஆம் வருஷத் தாவரத் தடைகாப்பு உத்தரவின்படி முன் அனுமதியும், அந்நாட்டுச் சுகாதாரச் சான்றும் வேண்டும். வயலில் நடந்த செருப்பையும் அங்கேயே கழுவி, நன்கு உலர்த்திக்கொண்டு புறப்படுக.